எழுவாய் இல்லாத சாவுகள்

1

ஒரு கவிதையைப் பற்றிய விமர்சனத்தோடு தொடங்குகிறேன். கவிதை நான் எழுதியது. விமர்சனம் என் சின்னம்மா செய்தது.

2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்குள் இருக்கிற அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கிடங்கு எரிந்தது. லாரியிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த நேரம். அன்றைக்கே பதினான்கு பேர் செத்தார்கள். பிறகு மருத்துவமனையில் எண்ணிக்கை கூடியது. செத்தவர்கள் தீபாவளி சீசனுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள். எங்கள் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்து டி.அம்மாபேட்டை என்ற ஒரே ஊர் பல பிள்ளைகளைப் பறிகொடுத்தது. படித்துக்கொண்டிருந்த பையன்கள் அதில் உண்டு. லீவில் நாலு காசு பார்த்தால் வீட்டுக்கு ஆகும், படிப்புக்கு ஆகும் என்று போனவர்கள்.

அந்த மாதமே ஓர் அஞ்சலிக் கூட்டத்தில் நான் கவிதை வாசித்தேன். செத்தவர்களைத் தீயில் பூத்த பூக்கள் என்று எழுதியிருந்தேன். வானத்துக்குப் போய் நட்சத்திரமானவர்கள் என்று முடித்திருந்தேன். தோழர்கள் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா சொன்னாள்:

"நல்லாத்தான் படிச்ச சாமி. ஆனா அந்தப் புள்ளைங்க பூவாவும் போவல, நட்சத்திரமாவும் போவல. பொட்டி எறக்கப் போனதுங்க. பொட்டி எவ்ளோ கனம், எவன் எறக்கச் சொன்னான், அந்த எடத்துக்கு வாசல் எத்தினி, அத எழுதுனியா நீ?"

நான் எழுதவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை என்பதுதான் இதில் கேவலமான விஷயம். சின்னம்மா ஆறு வருடம் ஒரு பட்டாசுக் கொட்டகையில் மருந்து செலுத்தியவள். அவளுடைய இரண்டு புறங்கைகளிலும் தோல் சுருங்கி, மெழுகு உருகி ஆறியது மாதிரி இருக்கும். அந்தக் கையால் சோறு போட்டுத்தான் என்னை எம்.ஏ. தமிழ் படிக்க வைத்தார்கள். அந்தக் கையைப் பற்றி நான் எழுதியதெல்லாம் 'வலி' என்ற ஒற்றைச் சொல்.

இந்தக் கட்டுரை அந்த இரவிலிருந்து நான் செய்துவந்த வாசிப்பு. செய்தித்தாளை, அரசின் அறிவிப்பை, சட்டத்தை, நம்முடைய இலக்கியத்தை, கடைசியாக என்னையும் வாசித்திருக்கிறேன்.

2

வகுப்பில் நன்னூல் படித்தபோது மனப்பாடம் பண்ணி மறந்துபோன ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வினைமுற்று ஆறு விஷயங்களை உணர்த்தும் என்கிறது இலக்கணம். செய்கிறவர் யார், எந்தக் கருவியால், எந்த இடத்தில், என்ன செயல், எந்தக் காலம், செய்யப்படுகிற பொருள் எது. 'குயவன் பானை வனைந்தான்' என்றால் இந்த ஆறும் அதற்குள் அடங்கி நிற்கும். மேல்சாதிப் பண்டிதர்கள் இதைப் பானைக்கும் குடத்துக்கும் பயன்படுத்தினார்கள். நாம் பிணத்துக்குப் பயன்படுத்திப் பார்ப்போம்.

எங்கள் பக்கத்து நான்கு செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். 2023 மார்ச் 16, பென்னாகரம் பக்கம் நாகதாசம்பட்டி: பட்டாசு செய்யும் இடத்தில் வெடித்து இரண்டு பெண்கள் சாவு. அதே வருடம் ஜூலை 29, 2004 வரை எங்கள் மாவட்டமாகவே இருந்த கிருஷ்ணகிரியில், பழையபேட்டை: பட்டாசுக் கிடங்கில் ஒன்பது பேர். அக்டோபர் 7, அத்திப்பள்ளி. 2025 பிப்ரவரி 24, கம்பைநல்லூர் பக்கம்: பட்டாசுக் கிடங்கு வெடித்து மூன்று பெண்கள்.

நான்கு செய்திகளையும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது. முதல் வாக்கியத்தில் 'பயங்கர வெடி விபத்து'. இரண்டாவதில் உடல் கருகிப் பலியானவர்களின் எண்ணிக்கை. அடுத்து சத்தம் எத்தனை கிலோமீட்டர் கேட்டது, தீயணைப்பு வண்டி எத்தனை வந்தது. அப்புறம் உராய்வு காரணமாக இருக்கலாம் எனத் தெரிகிறது. அதிகாரிகள் பார்வையிட்டார்கள். முதல்வர் இரங்கல், நிவாரணம். உறவினர்கள் கதறல், பார்ப்போரைக் கண்கலங்கச் செய்தது. முடிந்தது.

ஆறில் எது இருக்கிறது? இடம் இருக்கிறது. காலம் இருக்கிறது. செயல் இருக்கிறது, ஆனால் எப்படிப்பட்ட செயல்? 'வெடித்தது.' தானாக வெடித்தது. இலக்கணத்தில் இது தன்வினை. மழை பெய்தது, மரம் சாய்ந்தது என்பது போல. செய்கிறவர் இல்லை. 'விபத்து' என்ற சொல்லே எழுவாயைத் தின்றுவிடுகிற சொல். விபத்து நேரும், நிகழும், ஏற்படும். அதை யாரும் செய்ய முடியாது. தமிழில் 'அவன் விபத்து செய்தான்' என்று ஒரு வாக்கியம் அமையாது பாருங்கள்.

இந்த இலக்கணம் நமக்குப் புதிது அல்ல. 2012 நவம்பர் 7 அன்று இதே தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளைக் கொளுத்தினார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துக் கட்டிய வீடுகள், வாங்கி வைத்த பீரோ, பிள்ளைகளின் சர்டிபிகேட், எல்லாம் எரிந்தன. பத்திரிகை அதற்கு வைத்த பெயர் 'கலவரம்'. கலவரத்துக்கும் எழுவாய் கிடையாது. அது 'வெடிக்கும்', 'மூளும்', 'பரவும்'. கொளுத்தினவன் வாக்கியத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பான். சாதிக்குத் தேவையான இலக்கணமும் முதலாளிக்குத் தேவையான இலக்கணமும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

3

எழுவாயை ஒழித்துவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்காது. அங்கே இரண்டு பேரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். ஒன்று 'உராய்வு'. மற்றது 'தொழிலாளர்களின் கவனக்குறைவு'.

உராய்வைப் பற்றிச் சின்னம்மாவிடம் கேட்டேன். சிரித்தாள். "ஒராஞ்சாதாண்டா வேலையே. சலிக்கணும், கலக்கணும், குத்திக் கெட்டிப்படுத்தணும். ஒராயாம எப்டி செய்யறது?"

அவள் சொன்னதையும் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் சேர்ந்த கலவையைத் தொழிலில் 'மருந்து' என்றுதான் சொல்கிறார்கள். நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, ஆளைக் கொல்வதும் மருந்து. உலோகத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடு ஏறும். அதனால் அன்றன்று கலந்ததை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. இரும்புச் சாமான் ஆகாது. பித்தளை, செம்பு, மரம்தான். நைலான், பாலியஸ்டர் சேலை ஆகாது. பருத்திதான் கட்ட வேண்டும், ஏனென்றால் உடம்பில் ஏறுகிற நிலைமின்சாரமே பொறி தட்டும். தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறினால் வேலையை நிறுத்த வேண்டும்.

சின்னம்மா வேலை செய்த கொட்டகையில் எட்டு பேர். இரும்பு வாளி. ரேஷனில் கிடைத்த பாலியஸ்டர் சேலை. பீஸ் ரேட்டு, அதாவது எத்தனை எண்ணிக்கை செய்கிறாயோ அத்தனை காசு. வெயில் ஏறினால் நிறுத்தச் சொல்லுகிறது விதி. நிறுத்தினால் கூலி இல்லை என்கிறது பீஸ் ரேட்டு. இதில் எது அவளுடைய கவனக்குறைவு? சேலையா, வாளியா, பசியா?

இதற்கு மேல் 'உள்குத்தகை' என்று ஒன்று இருக்கிறது. உரிமம் வாங்கியவர் ஒருவர். அறைகளைப் பிரித்து வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விடுவார். சட்டப்படி இது குற்றம். குத்தகைக்கு எடுத்தவன் போட்ட பணத்தைச் சீசனுக்குள் எடுக்கப் பார்ப்பான். ஆளைக் கூட்டுவான், மருந்தைக் கூட்டுவான். வெடித்தால் உரிமக்காரர் 'நான் அங்கே இல்லை' என்பார். குத்தகைக்காரன் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டான். எழுவாய் இல்லாத வாக்கியத்தைப் பத்திரிகைக்காரர் கண்டுபிடிக்கவில்லை தோழர்களே. அது தொழிலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. பத்திரிகை அதைப் படியெடுக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையில் நேர்ந்த சாவுக்கு முதலாளி பணம் கட்டியாக வேண்டியிருந்தது. குடித்திருந்தான், சொன்னதைக் கேட்கவில்லை, பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றினான் என்ற வாதங்களைக் காயத்துக்குச் சொல்லலாம்; செத்துப்போனவர் விஷயத்தில் அவை எடுபடாது. அதாவது நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரன் போட்ட சட்டமே, சாவு என்று வந்தால் 'கவனக்குறைவு' என்ற சொல்லை வாசலில் நிறுத்திவிட்டது. அதே சொல்லைத்தான் நம் பத்திரிகைகள் உள்ளே கூட்டிவந்து பாய் போட்டு உட்கார வைக்கின்றன.

போபால் நடந்தது 1984 டிசம்பர் 2-3 இரவு. அதற்குப் பின்னால் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். எந்த ரசாயனம், என்ன கெடுதல் என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளி உட்கார வேண்டும். ஆபத்து நெருங்குகிறது என்று தோன்றினால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. இதைச் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சொல்லலாம். சொன்னா மறுநா வேலக்கி வேற ஆளு" என்றாள்.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தினால் பத்துப் பேர், இல்லையென்றால் இருபது பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது பழைய கணக்கு. புதிய கணக்கில் இருபதும் நாற்பதும். எட்டுப் பேர் வேலை செய்த கொட்டகை பழைய எண்ணுக்கும் எட்டவில்லை, புதிய எண்ணுக்கும் எட்டாது. ஆபத்தான தொழில் என்றால் தலையை எண்ணாமல் சட்டத்தைப் பொருத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்கிறார்கள். அதிகாரம் இருப்பது வேறு, அதை எங்கள் ஊர்க் கொட்டகை வரைக்கும் நடந்து கொண்டுவருவது வேறு.

4

அடுத்து 'நிவாரணம்'. இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அத்திப்பள்ளியில் செத்தவர்களின் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 3 லட்சம், கர்நாடக அரசு 5 லட்சம் அறிவித்தன. இது அரசு மனமிரங்கிக் கொடுப்பது. கொடுக்கிறவர் கை மேலே, வாங்குகிறவர் கை கீழே. மாவட்ட ஆட்சியரோ அமைச்சரோ காசோலையை நீட்ட, ஒரு தாய் முந்தானையை இழுத்துப் போர்த்தி வாங்குகிற படம் பத்திரிகையில் வரும். அந்தப் படத்தில் முதலாளி இருக்க மாட்டார்.

'இழப்பீடு' வேறு. அது முதலாளி பட்ட கடன். அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1923-ஆம் வருடத்துச் சட்டப்படி கணக்குப் போடுவோம். மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. பாதி 7,500. இருபது வயதுக்கான காரணி 224. பெருக்கினால் 16,80,000 ரூபாய். நாள்கூலிக்குப் போனவருக்கும் இது பொருந்தும். அரசு கொடுத்த நிவாரணம் இந்தக் கடனை அடைக்காது. ஆனால் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். நிவாரணம் என்ற சொல் செய்தியில் திரும்பத் திரும்ப வரும்; இழப்பீடு என்ற சொல்லும் இரண்டு வருடம் என்ற கெடுவும் வராது. குடும்பம் நிவாரணத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். ஒரு சொல்லை மாற்றிப் போட்டதில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை லட்சம் நட்டம் என்று பாருங்கள். மொழி அரசியல் என்று நாம் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருப்பது இதைத்தான் என்றால், அது சோற்றுக்கு ஆகிற அரசியல்.

சொல்லை மாற்ற முடியும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி இருக்கிறது. சாக்கடைக் குழியில் செத்தவர்களையும் 'விஷவாயு தாக்கிப் பலி' என்றுதான் எழுதினார்கள். வாயு எழுவாய்! இறக்கிவிட்டவன் எங்கே? சஃபாய் கர்மசாரி அந்தோலன் 2003-இல் உச்ச நீதிமன்றம் போனது. 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993-இலிருந்து குழியில் செத்த ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் என்றது. அத்திப்பள்ளி நடந்து பதின்மூன்றாம் நாள், 2023 அக்டோபர் 20 அன்று, அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக்கியது. பணம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பது வேறு சண்டை. ஆனால் அது விபத்து அல்ல, கொலை என்று பெயர் வைத்துச் சொன்ன இயக்கம் இருந்தது. பட்டாசுக்கும் கல்குவாரிக்கும் நாம் அந்தப் பெயரை இன்னும் வைக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் குறிப்பிட்ட சாவுகளில் எல்லாரும் தலித்துகள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும், நமக்குப் பொய் தேவையில்லை. நிலம் இல்லாதவர், நிலம் இருந்தும் தண்ணீர் இல்லாதவர் என்று பல சாதி ஏழைகளும் எங்கள் மாவட்டத்திலிருந்து பஸ் ஏறுகிறார்கள். என் கேள்வி வேறு. எந்த வேலைக்கு யார் உடம்பைச் செலவழிக்கலாம் என்று இந்தச் சமூகம் எங்கே கற்றுக்கொண்டது? செத்த மாட்டைத் தூக்க, மலத்தை அள்ள, பிணத்தை எரிக்க ஒரு கூட்டத்தைப் பிறப்பாலேயே ஒதுக்கி வைத்த சமூகத்துக்கு, ஆபத்தைச் சிலருடைய உடம்பில் இறக்கி வைப்பது பழகிப்போன வேலை. சாதி வெறும் வேலைப் பங்கீடு அல்ல, உழைப்பவர்களையே படிப்படியாக அடுக்கிப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இலேயே விளக்கினார். அவரே 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பில் இருந்தவர். 1943-இல் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தவர். சுரங்கத்தைப் பார்க்காமல் சுரங்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு கொட்டகையைப் பார்க்காமல் கவிதை எழுதினவன் நான்.

5

வெடிக்கிற சாவாவது செய்தியாகிறது. வெடிக்காத சாவு?

என் அப்பா கருங்கல் குவாரியில் துளை போட்டவர். மிஷின் ஓடும்போது எழும்புகிற வெள்ளைத் தூசியில் ஆள் முகம் தெரியாது. தண்ணீர் ஊற்றித் துளைத்தால் தூசி அடங்கும். ஆனால் தண்ணீருக்குக் காசு. நாற்பது வயதில் இருமல் வந்தது. மருத்துவமனையில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டார். மறுபடி இருமல், மறுபடி மாத்திரை. மூச்சு வாங்கி வாங்கியே போய்ச் சேர்ந்தார். அத்தனை வருடத்தில் ஒரு டாக்டரும் அவரிடம் 'என்ன வேலை செய்யறே?' என்று கேட்கவில்லை.

இத்தாலியில் ரமாசினி என்ற மருத்துவர் 1700-இல் தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை செய்கிறாய்? முன்னூறு வருடம் தாண்டியும் அந்தக் கேள்வி எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை. கல்தூசி நுரையீரலில் தங்கி இறுகுகிற நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியும். காசநோயையும் கூடவே கூட்டிவரும். சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய், இழப்பீடு உள்ள நோய். இந்தியாவில் இது முதலில் பதிவானது 1940-களில், கோலார் தங்கவயலில். அங்கே பரிசோதித்தவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு நோய் இருந்தது. தங்கவயலுக்குப் போனவர்கள் யார்? வடஆற்காட்டிலிருந்தும் எங்கள் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் பண்ணையாரிடம் தப்பித்துப் போன நம் தாத்தாக்கள். சஃபாய் கர்மசாரி அந்தோலனின் பெஜவாடா வில்சன் பிறந்ததும் அந்தத் தங்கவயலில்தான். அங்கேயிருந்து நமக்கு அரசியல் வந்தது, பௌத்தம் வந்தது என்று பெருமையாக எழுதுகிறோம். சரிதான். ஆனால் அங்கேயிருந்து இருமலும் வந்தது. அதை எழுதினோமா?

6

இப்போது நம் இலக்கியத்துக்கு வருகிறேன். மருத்துவரிடம் இல்லாத அந்தக் கேள்வி எழுத்தாளரிடம் இருந்ததா?

இருந்த இடங்களைச் சொல்ல வேண்டும். பாமாவின் 'சங்கதி' (1994) தீப்பெட்டி ஆலைக்குப் போகிற சிறுமியைக் காட்டும்போது பரிதாபத்துக்காகக் காட்டவில்லை. அவள் வேலையையும் அவள் சம்பாத்தியம் வீட்டில் எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. 1990-இல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் சிவகாசிப் பிள்ளைகளின் விரல்களைக் காட்டியது. டி.செல்வராஜின் 'தோல்' (2010) திண்டுக்கல் தோல் தொழிலாளிகளின் சுண்ணாம்புக் குழியை நாவலின் நடுவில் வைத்தது. பி.எச்.டேனியல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மருத்துவர். 1969-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதியதை இரா.முருகவேள் 2007-இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அதில் காய்ச்சலுக்குக் காரணம் விதி அல்ல. கொசு, குடிசை, கடன், துரை. அதை ஒட்டி எடுத்த 'பரதேசி' (2013) படத்தில் டாக்டர் மதம் பரப்ப ஆடிப்பாடுகிறார். மருத்துவர் காணாமல்போன இடத்தில் காரணமும் காணாமல்போனது, அழுகை மிஞ்சியது. 2015-இல் கொடைக்கானல் பாதரச ஆலையைப் பற்றி சோபியா அஷ்ரப் பாடிய பாட்டு கம்பெனியின் பெயரைச் சொன்னது, பாதரசம் என்று சொன்னது. ஆலை மூடியது 2001-இல். முன்னாள் தொழிலாளிகள் 591 பேரோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். பாட்டு மட்டும் அதைச் செய்யவில்லை, தொழிலாளிகளின் பதினைந்து வருடப் போராட்டம் செய்தது. ஆனால் பாட்டு எழுவாயைச் சொன்ன பாட்டு. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) படத்தையும் இந்த வரிசையில் வைப்பேன்.

இவை குறைவு. நாம் அதிகம் எழுதியது எது? ரணம், வலி, சாம்பல், நெருப்பு. எல்லாம் உருவகமாக. நெருப்பு என்று நாம் எழுதினால் அது கோபம். கரி என்றால் அது நம் நிறம். தூசி என்றால் அது அவமானம். கரியைக் கரியாக, தூசியைத் தூசியாக எழுதக் கூச்சப்படுகிறோம். அது 'வெறும் ரிப்போர்ட்' ஆகிவிடுமாம். நகரத்துப் பதிப்பாளர்களும் விமர்சகர்களும் நம்மிடம் வலியைக் கேட்கிறார்கள், நாமும் கிலோக்கணக்கில் கொடுக்கிறோம். வாளி இரும்பா பித்தளையா என்று அவர்கள் கேட்பதில்லை. எழுவாய் இல்லாத செய்தியைத் திட்டுகிற நாமே எழுவாய் இல்லாத கவிதை எழுதுகிறோம். செய்தித்தாள் கொலைகாரனை மறைக்கிறது. என் கவிதை செத்தவனையே மறைத்துப் பூவாக்கிவிட்டது. எது மோசம்?

இதற்கு மேல்நாட்டுத் தத்துவம் தேட வேண்டியதில்லை. நம் சேரியில் பெண்கள் வைக்கிற ஒப்பாரியைக் கேளுங்கள். உன்னைக் கூப்பிட்டது யார், என்ன சொல்லிக் கூட்டிப்போனான், எத்தனை மணிக்குப் போனாய், என்ன கட்டிக்கொண்டு போனாய், தண்ணீர் கொடுத்தார்களா, யார் பார்த்தது, யார் வந்து சொன்னது? ஒவ்வொன்றும் கேள்வி. நன்னூலின் ஆறும் அதில் இருக்கிறது. படிக்காத கிழவி கேட்கிறாள். நாம் அதில் அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டோம். ஒப்பாரி ஒரு விசாரணை. அதைக் கலையாக மட்டும் பார்த்தது நம் பிழை.

7

கடைசியாக, சின்னம்மா பெயரில் ஆறு கேள்விகளுக்கு நானே பதில் எழுதிப் பார்த்தேன்.

இடம்: தருமபுரி மாவட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை, வாசல் ஒன்று. காலம்: ஒரு மார்ச் மாதம், மத்தியானம். செயல்: முந்தின நாள் மிச்சமான மருந்தைச் சலித்தது. கருவி: இரும்பு வாளி, பாலியஸ்டர் சேலை. செயப்படுபொருள்: சின்னம்மாவின் இரண்டு கைகள்.

செய்தவர்? எழுத முடியவில்லை. உரிமம் ஒருவர் பெயரில், கொட்டகை நடத்தியது வேறொருவர், கூலி கொடுத்தது மூன்றாவது ஆள். அவள் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது, "அடுப்புல பட்டுடுச்சின்னு சொல்லு, செலவ நாங்க பாத்துக்கறோம்" என்றார்களாம். அவளும் அப்படியே சொன்னாள். சீட்டில் 'சமையலறை விபத்து' என்று இருக்கிறது. செலவைப் பாதிதான் பார்த்தார்கள். மனுப் போடுகிற கெடு எப்போதோ முடிந்துபோயிற்று.

"அப்ப யாராவது வந்து இப்டி எழுதியிருந்தா ஒண்ணு ஆயிருக்குமா சாமி?" என்று கேட்டாள்.

ஆகியிருக்கலாம். அந்தச் சீட்டில் ஒரு சொல் மாறியிருந்தால் ஆகியிருக்கும்.

நம்மில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறோம். எங்காவது வெடித்தது என்று கேள்விப்பட்டால் முதலில் நோட்டை எடுத்துக்கொண்டு போவோம். வாசல் எத்தனை, எத்தனை பேர், யார் உரிமம், யார் குத்தகை, என்ன சேலை, ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு எழுதுவோம். இழப்பீட்டு மனுவை எழுதிக் கொடுப்போம். கவிதை அதற்கப்புறம் வரட்டும். வந்தால் அதற்கும் எழுவாய் இருக்கட்டும்.

என் அந்தக் கவிதையை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரையைச் சின்னம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னாள். கொட்டகையில் எட்டுப் பேர் என்று எழுதியிருக்கிறேனாம். ஒருத்தி கைப்பிள்ளையோடு வருவாளாம், தூளி அங்கேயே கட்டியிருக்குமாம்.

"ஒம்போதுன்னு எழுது" என்றாள்.

எழுதுகிறேன். ஒன்பது.